தெளிந்த தண்ணீருக்கு முதல் தரம்

கிள்ளான் பக்கத்துத் தோட்டம் ஒன்றுக்கு விருந்தாளியாகப் போன ஒரு பெரிய துரைக்கு, குடித்த தேநீரில் துளி மண் நாக்கில் நெருடிவிட்டது. துரை தேநீரைத் துப்பினார். மூன்றாம் மாதம் 'கிணற்று நீர்த் தெளிவுக் கமிட்டி' பிறந்துவிட்டது. அதே வருஷம் அதே தோட்டத்தில் காய்ச்சலில் போன பதினொரு பேருக்காக எந்தக் கமிட்டியும் பிறக்கவில்லை. அவர்கள் யார் நாக்கிலும் நெருடவில்லை.

இது முப்பதுகளின் தொடக்கத்தில் நடந்த கதை. கமிட்டியின் ஆபீஸ் கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில், ஒரு ஜவுளிக் கடையின் மாடியில் இருந்தது. தலைவர் ஒரு துரை. உறுப்பினர்கள் இரண்டு துரைமார். கூட்டத்துக்கு வருவார்கள், தூங்குவார்கள், எழுந்து கையெழுத்துப் போடுவார்கள். செயலாளர், துரைமார் பேச்சை மொழிபெயர்க்கும் துபாஷி, இரண்டும் யாழ்ப்பாணத்துக் கார்த்திகேசு. கஞ்சி போட்ட வெள்ளைக் கோட்டு, நெற்றியில் சந்தனம், தப்பே இல்லாத கையெழுத்து. அவர் கெட்டவர் என்று நான் சொல்லமாட்டேன். கொடுத்த வேலையை ஒழுங்காகச் செய்கிறவர். நமக்கு வாய்த்த தொல்லைகளில் பாதி அப்படிப்பட்டவர்களால் வந்ததுதான்.

கமிட்டியின் பரிசோதனை எளிமையானது. ஒரு சாண் உயரமுள்ள கண்ணாடிக் குவளையில் தண்ணீரை நிரப்பி, அதை அரசாங்க கெஜட்டின் ஒரு பக்கத்தின் மேல் வைத்து, மேலே இருந்து குனிந்து படிக்க வேண்டும். பொடி எழுத்து தெரிந்தால் முதல் தரம். தலைப்பு மட்டும் தெரிந்தால் மூன்றாம் தரம். இரண்டுக்கும் நடுவில் இரண்டாம் தரம். ஒன்றும் தெரியாவிட்டால் கிணற்றை மூடிவிட வேண்டியது. கெஜட் ஆரம்ப நாளிலிருந்து ஒரே தாள்தான். ரயில் பாதையில் மாடு மேய விடுவோரைக் கண்டிக்கும் அறிவிப்பு உள்ள பக்கம். அதைத் தகரப் பெட்டியில் பூட்டி வைத்திருந்தார்கள். மூன்று வருஷம் படித்ததில் கார்த்திகேசுவுக்கு அது மனப்பாடமாகிவிட்டது. கண்ணை மூடிக்கொண்டும் அவரால் முதல் தரம் கொடுக்க முடியும்.

இந்தக் கமிட்டியிடம் மாட்டிக்கொண்டவன் பக்கிரிசாமி.

பக்கிரிசாமி கிள்ளானுக்கு அந்தப் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் மருந்து அடிக்கிற ஆள். முதுகில் செப்பு டப்பாவைக் கட்டிக்கொண்டு, மரங்களுக்கு நடுவில் முளைக்கும் லாலான் புல்லின் மேல் மருந்தைப் பீய்ச்ச வேண்டும். மருந்து என்பது தோட்டத்தார் வைத்த பெயர். டின்னின் மேல் மண்டையோட்டுப் படம் இருந்தது. உள்ளே இருந்தது பாஷாணம். புல் இரண்டு நாளில் கருகும். மழை பெய்தால் மிச்சம் சரிவில் இறங்கி வாய்க்காலில் சேரும். அந்தச் சரிவுக்குக் கீழேதான் லயத்து வரிசை வீடுகளில் இருந்த ஆட்கள் தண்ணீர் எடுக்கும் கிணறு இருந்தது.

முதலில் அவனுடைய ஆடுகள் அவனுக்குச் செய்தி சொல்லின. நாலு ஆடு வைத்திருந்தான். ஒரு நாள் இரண்டு ஆடு வாய்க்காலில் ஓடிய தெளிந்த தண்ணீரைக் குடித்துவிட்டுச் சாயங்காலத்துக்குள் காலை நீட்டிவிட்டன. மற்ற இரண்டும் கொஞ்சம் கீழே, சாலை போடக் குன்றை வெட்டிய இடத்தில், அதே வாய்க்கால் செம்மண் சேற்றில் பரவித் தேங்கிய குட்டையில் குடித்தன. அவை சாகவில்லை. அடுத்த நாளும் அங்கேயே குடித்தன, அப்போதும் சாகவில்லை. தண்ணீர் ஒன்றுதான். தெளிவாக இருந்த இடத்தில் கொன்றது, கலங்கிய இடத்தில் விட்டுவிட்டது.

இதை வேறு யாராவது பார்த்திருந்தால் ஆட்டின் தலைவிதி என்று விட்டிருப்பார்கள். பக்கிரிசாமி தோட்டத்துக்கு வருமுன் எட்டு வருஷம் பிரிக்ஃபீல்ட்ஸ் செங்கல் சூளையில் மண் மிதித்தவன். அங்கே ஒரு நாள் சூளையில் கணக்கு எழுதும் கிராணியின் ஊதா மசிப் புட்டி கைதவறி மண் குழைக்கும் தொட்டியில் விழுந்து, தண்ணீர் முழுக்க ஊதாவாகிவிட்டது. கிராணி கத்தினார். மறுநாள் காலையில் பார்த்தால் தண்ணீர் தெளிந்து நின்றது. ஊதா முழுவதும் அடியில் மண்ணோடு இருந்தது. எத்தனை முறை கழுவினாலும் மண் அதை விடவில்லை. மசியைப் பிடித்து வைக்கிற மண் பாஷாணத்தையும் பிடித்து வைக்கலாம் அல்லவா என்று பக்கிரிசாமிக்குத் தோன்றியது. அவனுக்குத் தெரிந்த விஞ்ஞானம் அவ்வளவுதான்.

அவனுக்கு அது போதுமாக இருந்தது, ஏனென்றால் அவசரம் வீட்டுக்குள் இருந்தது. அவன் மனைவி இராஜம்மாவின் உள்ளங்கையில் குருணை குருணையாகக் காய்த்துப் போயிருந்தது. வயிற்று வலி விட்டு விட்டு வந்தது. பாதம் முதலில் குறுகுறுத்தது, பிறகு மரத்தது. ஒரு நாள் அடுப்பிலிருந்து விழுந்த நெருப்பை மிதித்துவிட்டு, கருகிய வாடை வந்த பிறகுதான் காலைத் தூக்கினாள். தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸ்ஸர் வாதம் என்று சொல்லி விளக்கெண்ணெய் கொடுத்தார்.

பக்கிரிசாமி குன்று வெட்டிய இடத்திலிருந்து செம்மண் கொண்டுவந்தான். அகன்ற பானையில் கிணற்றுத் தண்ணீரை ஊற்றி, இரண்டு கை மண்ணைப் போட்டு, அகப்பைக் காம்பால் நன்றாகக் கலக்கி, ஒரு நாள் அப்படியே விட்டான். மேலே தேங்கியதைத் துணியில் வடிகட்டினான். தண்ணீரில் லேசாகச் சிவப்பு ஓடியது. "இனிமே இதைத்தான் குடிக்கணும், இதுலதான் சோறு பொங்கணும்" என்றான். எட்டு நாளுக்கு ஒரு முறை பழைய மண்ணை எடுத்துக்கொண்டுபோய், ஆடு மாடு வராத மேட்டில் ஆழமாகக் குழிவெட்டிப் புதைத்தான். இரண்டு மாதத்தில் இராஜம்மாவின் வயிற்று வலி நின்றது. கால் மட்டும் திரும்பி வரவில்லை.

லயத்தில் பதினொரு வீட்டில் செம்மண் பானை வந்துவிட்டது. எட்டாம் வீட்டு ரெங்கசாமி மட்டும் சிரித்தான். "நான் என்ன எருமையா, சேத்துத் தண்ணி குடிக்க? போன வருஷமே கமிட்டிக்காரங்க நம்ம கிணத்துக்கு நல்ல பேரு குடுத்திருக்காங்க" என்றான். மழைக்காலத்தில் மூன்று நாள் வாந்தியெடுத்து இறந்துபோனான். பக்கிரிசாமி தோட்டத்து ஆபீஸ் பெரிய கிராணியிடம் ஓடினான். பெரிய கிராணி காகிதத்திலிருந்து தலையைத் தூக்காமல், "கிணறுன்னா கமிட்டிக்குப் போ" என்றார்.

போனான். மூன்று போத்தல்களைத் துண்டில் சுற்றிக்கொண்டு ரயில் ஏறினான். ஒன்றில் கிணற்றுத் தண்ணீர், ஒன்றில் பானைத் தண்ணீர், ஒன்றில் பானையின் அடிமண்.

கார்த்திகேசு கட்டம் போட்ட விண்ணப்பப் பாரம் ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டார்.

"சொல்லும். எதுக்கு வந்தனீர்?"

"எங்க லயத்துக் கிணத்துல பாஷாணம் கலக்குதுங்க ஐயா. ஒரு ஆள் செத்துட்டான். என் வீட்டுக்காரிக்குக் காலே மரத்துப் போச்சு."

"ஒவ்வொண்டாகச் சொல்லும். தண்ணியின்ர நிறம்?"

"நிறம் ஒண்ணும் இல்லீங்க."

"மணம்?"

"இல்லீங்க."

"ருசி?"

"அதுவும் இல்லீங்க. அதான் பயமா இருக்கு."

"பயத்துக்குக் கட்டம் இல்லை."

"செத்தவனை எங்கங்க எழுதுவீங்க?"

கார்த்திகேசு பாரத்தைத் திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தார். உண்மையாகவே தேடினார்; அதை ஒப்புக்கொள்ள வேண்டும். "செத்தவருக்கும் கட்டம் இல்லை" என்றார். "இது தண்ணியைப் பற்றின பாரம். ஆக்களைப் பற்றினது இல்லை."

பிறகு தகரப் பெட்டியைத் திறந்து கெஜட்டை விரித்தார். கிணற்றுத் தண்ணீரைக் குவளையில் ஊற்றி வைத்து, மாட்டு அறிவிப்பை முதல் எழுத்திலிருந்து கையொப்பம் வரை கணீரென்று படித்தார். முகம் மலர்ந்தது. "இப்பிடி ஒரு தண்ணியை நான் இந்த வருஷம் காணேல்லை" என்று சொல்லி, முதல் தரச் சான்றிதழில் முத்திரை குத்தினார். அடுத்துப் பானைத் தண்ணீர். அதில் தலைப்பு மட்டும் தெரிந்தது.

"இதை ஆர் குடிக்கிறது?"

"நாங்கதாங்க."

"முதல் தரத்தை வைச்சுக்கொண்டு மூண்டாம் தரத்தைக் குடிக்கிறீரோ?"

"அதைக் குடிச்சா சாவு வருதுங்க."

"அது வேறை விஷயம்" என்றார் கார்த்திகேசு. நல்ல தண்ணீரைக் கெடுத்துக் குடிக்கும் வழக்கம் கிள்ளான் லயங்களில் பரவுகிறது, கமிட்டி நேரில் சென்று விசாரிக்க வேண்டும் என்று அன்றே குறிப்பு எழுதினார்.

பக்கிரிசாமி சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு மாடிப்படியில் நின்றான். எதற்கு வந்தோம், எதை வாங்கிக்கொண்டு போகிறோம் என்று அவனுக்கே விளங்கவில்லை. பின்னாலேயே ஓர் இளைஞன் இறங்கி வந்தான். கமிட்டியின் ஆய்வுக்கூட உதவியாளன் நசீருதீன். ஆய்வுக்கூடம் ஒன்று இருக்க வேண்டும் என்று விதியில் இருந்ததால் இருந்தது; அதைப் பயன்படுத்த வேண்டும் என்று விதியில் இல்லை.

"அண்ணே, அந்த மூணு போத்தலையும் எங்கிட்டக் குடுங்க. பானையில போடாத புது மண்ணும் கொஞ்சம் அனுப்பிவைங்க. நான் பாக்கிறேன்."

"கிராணி ஐயா பாத்துட்டாரே தம்பி."

"அவரு எழுத்தைப் பாத்தாரு. நான் தண்ணியைப் பாக்கிறேன்."

பத்து நாள் கழித்து, அவனே கிள்ளானுக்கு வந்து பக்கிரிசாமியைத் தேடிப் பிடித்தான். மூச்சு வாங்கப் பேசினான். "நீங்க சொன்னது சரிதான்ணே. செம்மண்ணுல இரும்புத் துரு கலந்திருக்கு. பாஷாணம் அதைக் கண்டா விடாது, போய் ஒட்டிக்கும். மண்ணு எவ்வளவு பொடியோ அவ்வளவுக்கு ஒட்ட இடம் கிடைக்கும். அதான் கலக்கணும். அப்புறம் மண்ணு அடியில இறங்கும்போது விஷத்தையும் இழுத்துக்கிட்டு இறங்கிடும்."

"ஊதா மசி மாதிரி."

"அதே மாதிரிதான் லா! எல்லாத்தையும் ரிப்போர்ட்டுல எழுதிட்டேன். கமிட்டி வரட்டும், எல்லாம் சரியாப் போயிரும்."

நசீருதீன் வேலைக்குச் சேர்ந்து அப்போது ஏழு மாதம்தான் ஆகியிருந்தது.

கமிட்டி வந்தது. முதல் நாளே நாற்காலிகளும் கித்தான் பந்தலும் லோரியில் வந்து கிணற்றடியில் இறங்கின. மறுநாள் துரைமார் வந்தார்கள். இரண்டு பெட்டி சோடாவும் பனிக்கட்டியும் அவர்களோடு வந்தன. கெஜட் தகரப் பெட்டியில் தனியாக வந்தது. கமிட்டியின் இன்ஸ்பெக்டர் இராதாகிருஷ்ணன் தலைவர் துரைக்குக் குடை பிடித்துக்கொண்டு நின்றார். வேலையை நிறுத்தி லயத்து ஆட்கள் அத்தனை பேரையும் தரையில் உட்கார வைத்திருந்தார்கள்.

வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுக்காமல் எப்படி இருப்பது என்று இராஜம்மா சொம்பும் தம்ளருமாக வந்தாள். காலைப் பார்த்துப் பார்த்து வைத்து நடந்தாள். தலைவர் துரை தம்ளருக்குள் எட்டிப் பார்த்தார். சிவப்பு ஓடியது. முகத்தைச் சுளித்து ஏதோ சொன்னார்.

"கிணத்துத் தண்ணி கொண்டு வரட்டாம்" என்றார் கார்த்திகேசு.

"வீட்டுக்கு வந்தவங்களுக்கு அதைக் குடுக்க எனக்கு மனசு வரலீங்க" என்றாள் இராஜம்மா.

கார்த்திகேசு இதை எப்படி மொழிபெயர்த்தாரோ, கடமை நேரத்தில் கமிட்டி தண்ணீர் அருந்துவதில்லை என்று பதில் வந்தது. சோடா தண்ணீரில் சேராது போலும்.

முதலில் கெஜட் சடங்கு. கிணற்றிலிருந்து புதிதாக இறைத்த தண்ணீரை ஊற்றி, தலைவர் துரையே குனிந்து மாட்டு அறிவிப்பைப் படித்தார். ஆட்கள் கைதட்ட வேண்டும் என்று கங்காணி கண்ணைக் காட்டினார், தட்டினார்கள். அதன்பிறகு நசீருதீனைக் கூப்பிட்டார்கள். அவன் ரிப்போர்ட்டைப் படித்தான். கிணற்றுத் தண்ணீரில் பாஷாணம் நிறைய இருக்கிறது. பானைத் தண்ணீரில் அநேகமாக இல்லை. பானையின் அடிமண்ணில் ஏராளமாக இருக்கிறது.

தூங்கிக்கொண்டிருந்த உறுப்பினர்களில் ஒருவர் கண்ணைத் திறந்து, விஷயம் பெரிதாக இருப்பதைக் கண்டு மறுபடி மூடிக்கொண்டார். தலைவர் துரை குவளையைத் தூக்கி வெயிலுக்கு நேரே பிடித்தார். அவர் சொன்னதைக் கார்த்திகேசு மேடைத் தமிழில் எடுத்துரைத்தார்:

"தலைவர் அவர்கள் கேட்பது யாதெனில், இத்துணைத் தெளிந்த நீரில் ஏதேனும் இருந்தால் நம் கண்ணுக்குத் தெரியாமல் போகுமா? ஆகையால் அறிக்கையின் முதல் வரி எழுத்துப் பிழை. அது அடிக்கப்படுகிறது. மற்ற இரண்டு வரிகளும் சிறப்பாக உள்ளன."

முதல் வரியை அடித்தார். மிச்சம் இருந்தது இரண்டு வரி: பானைத் தண்ணீரில் விஷம் இல்லை, பானை மண்ணில் விஷம் இருக்கிறது. கார்த்திகேசு பக்கிரிசாமியை முன்னால் வரச் சொன்னார்.

"பாஷாணம் இப்ப எதுக்குள்ள இருக்குது?"

"மண்ணுலதாங்க. அதாங்க நான் சொன்னதும்."

"பானைக்குள்ள மண்ணைப் போட்டது ஆர்?"

"நான்தாங்க."

"எழுதிக்கொள்ளுறன். குடிக்கிற பானைக்குள்ள பாஷாண மண்ணைப் போட்டது தான்தான் எண்டு ஒத்துக்கொள்ளுறார்."

பக்கிரிசாமிக்குச் சாதகமாக இருந்த ஒவ்வொன்றும் எழுந்து அந்தப் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டது. நசீருதீன்தான் குறுக்கே பாய்ந்தான். "ஐயா, பானையில போடுறதுக்கு முந்தி அந்த மண்ணையும் சோதிச்சேன். அதுல ஒண்ணுமே இல்ல. தண்ணியில போட்டதுக்குப் பிந்திதான் விஷம் வந்திருக்கு. தண்ணியிலேருந்துதான் வந்திருக்கு!"

கார்த்திகேசு மொழிபெயர்த்தார். துரை விரலால் மேஜையைத் தட்டினார். பதில் வந்தது: "உதவியாளரின் வேலை அளப்பது. முந்தி எது, பிந்தி எது என்று தீர்மானிப்பது கமிட்டியின் வேலை."

"பழைய மண்ணை என்ன செய்தனீர்?" கார்த்திகேசு மறுபடி பக்கிரிசாமியிடம் திரும்பினார்.

"மேட்டுல குழி தோண்டிப் புதைச்சேங்க."

"ஏன் புதைச்சனீர்?"

"அதுல விஷம் ஏறியிருக்குங்களே. ஆடு மாடு நக்கிடக் கூடாது, மழையில கரைஞ்சு வந்திடக் கூடாதுன்னு..."

"விஷமெண்டு தெரிஞ்சிருக்குது. தெரிஞ்சும் அடுப்படியில வைச்சிருந்திருக்கிறீர். பிறகு ஒளிச்சிருக்கிறீர்." கார்த்திகேசுவின் பேனா அழகாக ஓடியது. ஊருக்குத் தீங்கு வரக்கூடாது என்று ஒரு மனிதன் இடுப்பொடியக் குழி வெட்டியதுதான் அவன் மேல் கிடைத்த பெரிய சாட்சி.

அப்போது கூட்டத்தின் நடுவிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். ரெங்கசாமியின் மனைவி தங்கமணி. கங்காணி உட்காரச் சொல்லி அதட்டினார், அவள் உட்காரவில்லை.

"எங்க வீட்டுல செம்மண்ணே கிடையாதுங்க. அவரு தொட்டதில்ல. கிணத்துத் தண்ணியத்தான் குடிச்சாரு. அவரு எதாலதான் செத்தாரு? அதை மட்டும் சொல்லிட்டுப் போங்க."

இதை மொழிபெயர்க்கும்போது மட்டும் கார்த்திகேசுவின் குரல் கொஞ்சம் இறங்கியது. துரை தொப்பியைக் கழற்றினார். அவர் சொன்னது: "கமிட்டி தன் அனுதாபத்தைத் தெரிவிக்கிறது. காலமானவர் கடைசி நாள் வரை முதல் தரத் தண்ணீரையே அருந்தினார் என்பது குடும்பத்தாருக்கு ஆறுதலாக இருக்கட்டும்."

தங்கமணி நின்றுகொண்டே இருந்தாள். அவளுக்குப் புரியவில்லை என்று நினைத்துக் கார்த்திகேசு இன்னொரு முறை சொன்னார்.

பக்கிரிசாமி கைகூப்பினான். "அந்த மருந்து அடிக்கிறதையாவது நிறுத்தச் சொல்லுங்க ஐயா. கிணத்துக்கு மேல இருக்கிற சரிவுல மட்டுமாவது. நான்தான் அடிக்கிறேன். என் கையாலதான் அடிக்கிறேன்" என்றான். அழுதுவிட்டான். தன் பெண்டாட்டி காலை மரக்க வைத்த விஷத்தைத் தானே முதுகில் சுமந்துகொண்டு போய்த் தெளித்த நாட்களை எல்லாம் அவன் எண்ணிக்கொண்டிருந்தான். துரை கமிட்டியின் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். புல் கமிட்டியின் எல்லைக்குள் வராது என்று தெரிந்தது.

கடைசியில் தலைவர் உரை. தெளிவு என்பது இந்த ஆட்சி உங்களுக்குத் தந்த வரம் என்றார். மண்ணிலே உழைக்கிறவர்களுக்கு மண்ணைக் குடிக்கும் ஆசை வருவது இயல்புதான், அதிலிருந்து உங்களைக் காப்பாற்றவே நாங்கள் இந்த வெயிலில் வந்து கஷ்டப்படுகிறோம் என்றார். எங்கள் வேலையில் நாங்கள் காணாத ஒன்று இல்லவே இல்லை என்று துணிந்து சொல்லலாம் என்றும் சொன்னார். அந்தக் கடைசி வாக்கியம் அவர் நினைத்ததைவிட உண்மையானது.

உத்தரவு அங்கேயே படிக்கப்பட்டது. செம்மண் பானை வைத்திருப்பது குற்றம். இன்ஸ்பெக்டர் வாரந்தோறும் வந்து ஒவ்வொரு வீட்டுப் பானையையும் சோதித்து, கலங்கியதை உடைக்க வேண்டும். கிணற்றுக்கு 'முதல் தரம்' என்று எழுதிய பலகை மாட்ட வேண்டும். அன்றே பதினொரு பானையும் உடைந்தன. கிணற்றடியில் உடைக்க வேண்டாம், மண் உள்ளே போய்விடும் என்று பக்கிரிசாமி காலில் விழாத குறையாகக் கெஞ்சினான். அவன் சொன்னான் என்பதற்காகவே கிணற்றடியில் உடைத்தார்கள். கமிட்டி போனதும் அவனும் தங்கமணியும் மண்வெட்டியால் அந்தச் சேற்றைத் துளி விடாமல் சுரண்டி மேட்டுக்குச் சுமந்தார்கள். நசீருதீன் அடுத்த மாதம் வேறு ஊருக்கு மாற்றப்பட்டான். அங்கே ஆய்வுக்கூடம் இல்லை.

திங்கட்கிழமை பக்கிரிசாமி மறுபடி டப்பாவைக் கட்டிக்கொண்டு புல்லுக்கு மருந்து அடிக்கப் போனான். போகாவிட்டால் லயத்து வீடு போய்விடும்.

அதற்கப்புறம் ஒவ்வொரு வீட்டிலும் இரண்டு பானை வந்தது. தங்கமணி வீட்டிலும் வந்தது. ஒன்று வாசலுக்கு நேராக, கிணற்றுத் தண்ணீரோடு, பளிச்சென்று மூடி போட்டு இருந்தது. அதற்கு 'இன்ஸ்பெக்டர் பானை' என்று பெயர். அதை யாரும் தொடுவதில்லை. இன்னொன்று அடுப்படியில் விறகுக் கட்டுக்குப் பின்னால் சிவப்பாக உட்கார்ந்திருந்தது. இராதாகிருஷ்ணன் புதன்கிழமை தோறும் நடுப்பகலில் வருவார். ஸ்டேஷனிலிருந்து மூன்று மைல் நடை. வாசல் பானையில் குவளையை முக்கி, அதற்கென்று அச்சடித்த தாளை வைத்துப் படித்து, நோட்டில் எழுதிக்கொண்டு போவார். தனக்கென்று ஒரு போத்தல் தண்ணீர் தோள்பையில் கொண்டுவருவார். யார் வீட்டிலும் தண்ணீர் கேட்டதில்லை. அதை லயத்தில் எல்லோரும் கவனித்திருந்தார்கள்.

நாலாவது மாதம் ஒரு புதன்கிழமை அவர் போத்தலை ரயிலிலேயே விட்டுவிட்டார். வெயில் மண்டையைப் பிளந்தது. பத்து வீடு வரை பல்லைக் கடித்துக்கொண்டு சமாளித்தார். பதினொன்றாவது, பக்கிரிசாமியின் வீட்டில், வாசல் பானையைச் சோதித்துவிட்டு எழுந்தபோது கண் இருட்டிச் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"கொஞ்சம் தண்ணி குடும்மா" என்றார்.

இராஜம்மா சொம்பை எடுத்தாள். வாசல் பானைக்கு முன்னால் போய் நின்றாள். திரும்பினாள்.

"எந்தப் பானையிலேருந்துங்க?"

பக்கிரிசாமிக்குத் தூக்கிவாரிப் போட்டது. இருக்கிறதே ஒரு பானைதான் என்று அல்லவா சொல்லி வைத்திருக்கிறது! இராஜம்மா அவன் பக்கம் பார்க்கவே இல்லை.

இராதாகிருஷ்ணன் அந்தத் தெளிந்த பானையைப் பார்த்தார். இப்போதுதான் அதில் பொடி எழுத்தைப் படித்து முதல் தரம் எழுதியிருந்தார், மசி காயவில்லை. சொம்பைப் பிடித்திருந்த அவள் கையில் காய்த்துப் போன குருணைகளைப் பார்த்தார். வாசலுக்கு வெளியே எட்டி யாரும் இல்லை என்று நிச்சயப்படுத்திக்கொண்டார்.

"விறகுக்குப் பின்னால இருக்குதே, அதுல" என்றார்.

கொண்டுவந்து கொடுத்தாள். அண்ணாந்து மடக் மடக்கென்று குடித்தார். இன்னொரு சொம்பு கேட்டு அதையும் குடித்தார். கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டார்.

"எனக்கும் பிள்ளை குட்டி இருக்கு, பக்கிரிசாமி. கண்ணால பாத்துட்டேன். பாத்தப்புறம் உடைக்காமப் போனா உத்தியோகம் போயிரும்."

பிரம்பை ஓங்கி விறகுக்குப் பின்னால் ஒரே அடி. பானை இரண்டாகப் பிளந்தது. சிவப்புச் சேறு தரையெல்லாம் பரவி இராஜம்மாவின் பாதத்தை மூடியது. அவளுக்கு அது தெரியவில்லை; குனிந்து பார்த்த பிறகுதான் காலை எடுத்தாள். இராதாகிருஷ்ணன் நின்றபடியே நோட்டில் எழுதினார்: 'கலங்கிய பானை ஒன்று உடைக்கப்பட்டது. வீட்டுத் தண்ணீர் திருப்தி.'

வாசல்படி இறங்கும்போது இராஜம்மா கூப்பிட்டாள். குரலில் கோபம் இல்லை.

"ஐயா, அடுத்த வாரம் வந்ததும் முதல்ல உடைச்சிடுங்க. அப்புறமா தண்ணி கேளுங்க. அப்ப கிணத்துத் தண்ணிதான் மிச்சம் இருக்கும்."

அவர் குடையை விரித்துக்கொண்டு நடந்தார். பக்கிரிசாமி கூடையை எடுத்துக்கொண்டு குன்றுக்குப் புது மண் எடுக்கப் போனான்.

அடுத்த புதன்கிழமையும் இராதாகிருஷ்ணன் வந்தார். தோளில் பை இருந்தது. அதில் போத்தல் இல்லை.